பின்னால் ஒரு காலடி: காட்டில் தனியாக இருக்கையில் இனம்புரியாத அச்சம் வந்தால் என்ன செய்வது?

நான் நின்றேன். எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த காலடி இன்னும் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டு நின்றது.

இருட்டத் தொடங்கி அரை மணி நேரம் ஆகியிருந்தது. ஒற்றையடிப் பாதை, இருபுறமும் நெடுமரங்கள், காலுக்குக் கீழே ஈர இலைகள். மறுபடி நடந்தேன், அதுவும் நடந்தது. பத்தடி போய்ச் சட்டென்று நின்றேன். அது ஓர் அடி கூடுதலாக வைத்துவிட்டு அடங்கியது. பிடரி சிலிர்த்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்கவும் துணிவில்லாமல் சில நிமிடங்கள் நின்றேன். பிறகு ஓடினேன். ஓடியதில் கணுக்கால் பிசகியது, பாதை கைவிட்டுப் போனது, விடியும்வரை ஒரு பாறையடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் வந்தது எதுவோ, அது என்னைத் தொடக்கூட இல்லை. அன்று எனக்கு நேர்ந்த கேடெல்லாம் என் ஓட்டத்தால் நேர்ந்தது.

அதற்குப் பிறகும் தனியாகக் காட்டுக்குள் போவதை நான் விடவில்லை. ஒரு நோட்டும் பென்சிலும் கூடவே வரத் தொடங்கின. முதுகு சிலிர்த்த ஒவ்வொரு முறையும் அதில் எழுதினேன். அப்படிச் சேர்ந்த அனுபவமும், இது பற்றி ஆராய்ந்தவர்கள் கண்டுசொன்னவையும்தான் இந்த வழிகாட்டி. இதன் அடிப்படை ஒன்றே: காட்டில் வரும் அந்த உணர்வு உண்மையானது, ஆனால் அவசரத்தில் நாம் அதற்கு வைக்கும் பெயர் பெரும்பாலும் தவறாகப் போகிறது. ஆகவே பெயர் வைப்பதை எப்படித் தள்ளிப்போடுவது, இடைப்பட்ட நேரத்தில் என்ன செய்வது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

கிளம்புவதற்கு முன்

எந்தப் பாதையில் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள், திரும்பாவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். தனியாகப் போக அனுமதியில்லாத காடு என்றால் போகாதீர்கள். பையில் இரண்டு டார்ச், ஒரு விசில், தேவைக்கு மேல் தண்ணீர், கொறிக்க ஏதாவது, நோட்டு, பென்சில். பேனா ஈரத்தில் எழுதாது. முந்தைய இரவு நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். இது ஏன் என்பது கீழே தெரியும்.

முதல் படி: நில்லுங்கள், ஓடாதீர்கள்

உணர்வு வந்ததும் நின்றுவிடுங்கள். அருகில் தடித்த மரம் இருந்தால் அதில் முதுகைச் சாய்த்துக்கொள்ளுங்கள். சாய்வதற்கு முன் மேலே பட்ட கிளை தொங்குகிறதா, அடியில் எறும்புப் புற்று இருக்கிறதா என்று பாருங்கள். முதுகுக்குப் பின்னால் வெட்டவெளி இல்லை என்பதே அச்சத்தில் பாதியைக் குறைத்துவிடும். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். இருபது மூச்சு எண்ணும்வரை எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

ஓடக் கூடாது என்பதற்குக் காரணங்கள் உண்டு. ஓடும் காலுக்கு வேரும் குழியும் தெரியாது. பெரிய வேட்டை விலங்கு உண்மையிலேயே அருகில் இருந்தால், ஓடுவது அதன் துரத்தும் குணத்தைத் தூண்டிவிடும். ஓட்டமே அச்சத்தைப் பெருக்கவும் செய்கிறது: இதயம் அடித்துக்கொள்வதையும் மூச்சு வாங்குவதையும் பார்த்து, ‘ஆபத்து நிஜம்தான் போலிருக்கிறது’ என்று மனம் முடிவுகட்டிவிடும். காடுகளில் காரணமின்றி வரும் இந்தப் பெரும் அச்சத்தைப் பழைய கிரேக்கர்கள் பான் என்னும் காட்டுத் தெய்வத்தின் வேலை என்று எண்ணினார்கள்; ‘பேனிக்’ என்ற சொல் அங்கிருந்துதான் பிறந்தது. நம் சங்கப் பாடல்களிலும் மலைச்சாரலில் ‘சூர்’ உறைகிறது, ‘அணங்கு’ வருத்துகிறது என்று வரும். எத்தனையோ தலைமுறைகளாக, தூரத்துத் தேசங்களிலும், மனிதர்களுக்கு வந்துகொண்டிருக்கும் உணர்வு இது. உங்களுக்கு வந்ததில் வெட்கப்பட ஏதுமில்லை.

இரண்டாம் படி: முதலில் உடலை விசாரியுங்கள்

வெளியே தேடுவதற்கு முன் உள்ளே பாருங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டேன்? எப்போது தண்ணீர் குடித்தேன்? நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினேன்? குளிர்கிறதா? பசியும் தாகமும் தூக்கமின்மையும் சேர்ந்தால் ஓரக்கண்ணில் நிழல்கள் ஓடுவது சாதாரணம். நான்கு மிடறு தண்ணீர் குடித்து, ஏதாவது தின்று, பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். என் நோட்டில் பாதிப் பதிவுகள் இந்தப் பத்து நிமிடத்தோடு முடிந்துவிட்டன.

குளிரை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் சிந்தனை குழம்பத் தொடங்கும். இன்னும் இறங்கினால் உடம்பு எரிவதுபோலத் தோன்றி, உடைகளைக் களைந்துவிட்டுக் கிடந்தவர்களும் உண்டு. கை நடுங்கி, பேச்சு குழறினால் ஆராய்ச்சியை நிறுத்திவிடுங்கள். ஈர உடையை மாற்றிக்கொண்டு உடம்பைச் சூடாக்குவதுதான் அப்போது வேலை.

கூடாரத்தில் தங்குவோருக்கு ஒரு கண்டிப்பான சொல். அடுப்பையோ கரித்தணலையோ கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. 1921-இல் வில்லியம் வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் ஒரு குடும்பத்தின் கதையை மருத்துவ இதழில் வெளியிட்டார். அவர்கள் குடிபோன வீட்டில் ஆளில்லாத காலடிகள் கேட்டன, உருவங்கள் தெரிந்தன, குழந்தைகள் வெளிறிப்போனார்கள், செடிகள் வாடின. கடைசியில் பார்த்தால் பழுதான வெப்ப உலையின் புகை வீட்டுக்குள் பரவிக்கொண்டிருந்தது. கூடாரத்துக்குள் தலைவலியும் குமட்டலும் யாரோ இருக்கும் உணர்வும் ஒன்றாக வந்தால் உடனே வெளியே வந்து நல்ல காற்றைச் சுவாசியுங்கள். வீடு திரும்பிய பிறகும் குரல்கள் கேட்டுக்கொண்டே இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

மூன்றாம் படி: காடு என்ன சொல்கிறது?

இப்போது காதைக் கொடுங்கள். காடு ‘திடீரென்று அடங்கிப்போனது’ என்று பலர் சொல்வார்கள். அது உண்மையில் நடப்பதுதான். ஒரு ஆள் நெருங்கினால் பூச்சிகளும் தவளைகளும் வாயை மூடிக்கொள்ளும். நெருங்கிய அந்த ஆள் நீங்களாகவே இருக்கலாம். அசையாமல் பத்துப் பதினைந்து நிமிடம் இருங்கள். ஒரு பூச்சி தொடங்கும், இன்னொன்று சேர்ந்துகொள்ளும், கச்சேரி மறுபடி களைகட்டும். அப்படிக் கட்டினால் காடு உங்களை ஏற்றுக்கொண்டுவிட்டது.

மௌனத்தைவிட நான் அதிகம் மதிப்பது எச்சரிக்கைக் குரலை. மான், குரங்கு, அணில், பறவைகள் எல்லாம் வேட்டை விலங்கைக் கண்டால் தனிக் குரல் எழுப்பும். ஒன்று கத்தினால் கவனியுங்கள். வெவ்வேறு இனங்கள் ஒரே திசையைப் பார்த்து விடாமல் கத்தினால், அல்லது அந்தக் குரல் இடம் பெயர்ந்துகொண்டே வந்தால், அங்கே ஏதோ நடமாடுகிறது. அழுகல் வாடை, ஈ மொய்க்கும் சத்தம், ஒரே இடத்தில் இறங்கும் பிணந்தின்னிப் பறவைகள் ஆகியவையும் அப்படித்தான்: பக்கத்தில் இரை கிடக்கிறது, அதன் உரிமையாளர் தொலைவில் இல்லை. வந்த வழியே, முதுகைக் காட்டி ஓடாமல், நிதானமாக விலகிவிடுங்கள்.

நான்காம் படி: காலடிச் சத்தம்

இதில் கொஞ்சம் தங்க விரும்புகிறேன். என் கதை மட்டுமல்ல, புகழ்பெற்ற ஒரு கதையும் இங்கேதான் இருக்கிறது.

நார்மன் காலி என்பவர் லண்டனில் வேதியியல் பேராசிரியர், தேர்ந்த மலையேறி. 1891-இல் ஸ்காட்லாந்தின் பென் மக்டூயி சிகரத்திலிருந்து மூடுபனியில் தனியாக இறங்கிக்கொண்டிருந்தார். தான் சில அடிகள் வைக்கும்போதெல்லாம் பின்னால் ஒரு நொறுங்கும் சத்தம் கேட்டது. தன்னுடையதைப் போல மூன்று நான்கு மடங்கு நீளமான அடிகளை யாரோ எடுத்துவைத்து வருவதுபோல. திரும்பிப் பார்த்தால் பனிதவிர வேறெதுவும் இல்லை. கடைசியில் பீதி பிடித்து, பல மைல் தூரம் கற்களில் தடுமாறி, கீழே இருந்த ராத்திமர்க்கஸ் காடு வரை ஓடினார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1925-இல் மலையேறிகளின் சங்கக் கூட்டம் ஒன்றில் இதைச் சொன்னார். அந்த மலைக்குத் தனியாகத் திரும்பிப் போகப் போவதில்லை என்றும் சொன்னார். அதைக் கேட்டபிறகு ‘பெரிய சாம்பல் மனிதன்’ என்ற பெயர் அந்த மலையோடு ஒட்டிக்கொண்டது.

அவர் கேட்டது என்ன என்பது நமக்குத் தெரியாது. நான் கேட்டதைச் சொல்கிறேன். அந்த இரவு முடிந்து பல மாதங்கள் கழித்து, பட்டப்பகலில், வேறொரு பாதையில் அதே காலடி வந்தது. இம்முறை நான் ஓடவில்லை. நின்றேன், அது ஓர் அடி கூடுதலாக வைத்தது. முதுகுப்பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு நடந்தேன், எதுவும் வரவில்லை. பையை மாட்டிக்கொண்டு நடந்தேன், வந்தது. பையைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். பாதி காலியான வாட்டர் பாட்டில். நடக்கும்போது தண்ணீர் ஒவ்வோர் அடிக்கும் சற்றுப் பிந்தி பாட்டிலின் சுவரில் மோதுகிறது. நான் நின்றபிறகும் தண்ணீர் நிற்பதில்லை. இன்னொரு முறை மோதிவிட்டுத்தான் அடங்குகிறது. அந்தக் கூடுதல் அடி அதுதான். பாட்டிலைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டு அந்தப் பாதையோரத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அது ஏன் அவ்வளவு ‘ஆள்’ போலத் தோன்றியது? இதற்கு விடை வைத்திருப்பதுபோல ஒரு சோதனை 2014-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் நடந்தது. ஒலாஃப் பிளாங்கே என்ற நரம்பியல் விஞ்ஞானியின் குழு, கண்ணைக் கட்டியவர்களின் கையில் ஒரு கருவியைக் கொடுத்தது. அவர்கள் கையை முன்னால் நீட்டினால், பின்னால் இருக்கும் ரோபோ அதே அசைவோடு அவர்கள் முதுகைத் தொடும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் தன் முதுகைத் தானே தொடுவதுபோல இருந்தது. தொடுதலை அரை வினாடி தாமதப்படுத்தியதும் சிலருக்குப் பின்னால் யாரோ நிற்பதாகத் தோன்ற ஆரம்பித்தது. தாங்க முடியாமல் நிறுத்தச் சொன்னவர்களும் உண்டு. நம் அசைவே சற்றுத் தாமதமாக நம்மிடம் திரும்பி வந்தால், மூளை அதை நம்முடையது என்று கணக்கில் எடுக்காமல் வேறொருவருடையது என்று எழுதிவிடுகிறது. என் பாட்டிலும் ஏறக்குறைய அதைத்தான் செய்திருக்கிறது என்று நம்புகிறேன்.

ஆகவே காலடி கேட்டால் செய்ய வேண்டியவை இவை. முதலில் சீரில்லாமல் நடந்து பாருங்கள்: இரண்டு வேகமான அடி, ஒரு நிறுத்தம், ஐந்து மெதுவான அடி. சத்தம் உங்கள் தாளத்தை அப்படியே பின்பற்றினால் அது உங்களிடமிருந்துதான் வருகிறது. பாட்டில், பையின் வார், மழைக்கோட்டின் உரசல், தொப்பியின் ஓரம், காதருகே துடிக்கும் நாடி என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். தாளம் பொருந்தாவிட்டால் சத்தம் வெளியில் இருக்கிறது. அப்போது உட்கார்ந்து காத்திருங்கள். காய்ந்த இலைமேல் ஓடும் எலி மனிதனைப் போலச் சத்தம் எழுப்பும். தரையைக் கிளறும் பறவை காட்டுப்பன்றியைப் போலக் கேட்கும். உருவத்துக்கும் சத்தத்துக்கும் காட்டில் சம்பந்தமே இல்லை. உண்மையான பெரிய விலங்குகள் எத்தனையோ முறை சத்தமே இல்லாமல் என்னைக் கடந்து போயிருக்கின்றன. சேற்றில் பதிந்த தடத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஐந்தாம் படி: குரல்கள்

ஓடையருகே தங்கினால் இரவில் பேச்சுக்குரல் கேட்கும். இரண்டு மூன்று பேர், தாழ்ந்த குரலில், வார்த்தை மட்டும் பிடிபடாமல். சிலருக்குத் தம் பெயர் கேட்கும். விடாது ஒரே சீராக ஓடும் இரைச்சலுக்குள் பழகிய வடிவத்தைத் தேடுவது காதின் இயல்பு. காதுக்கு மனிதக் குரலைவிடப் பழகிய வடிவம் வேறில்லை. தலையை மெதுவாக இடம் வலமாகத் திருப்புங்கள், ஒரு காதை மூடுங்கள், முப்பது அடி தள்ளிப் போய் நில்லுங்கள். தண்ணீர்ச் சத்தம் மாறும்போது ‘பேச்சும்’ கலைந்துவிட்டால் அது ஓடைதான்.

கலையாவிட்டால் அது உண்மைப் பேச்சாகவும் இருக்கலாம். தெளிந்த இரவில் தரையையொட்டிய காற்று குளிர்ந்து, மேலே இருக்கும் காற்று வெதுவெதுப்பாக இருக்கும். அப்போது ஒலி மேலே சிதறாமல் கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் வரும். எங்கோ பேசுபவர் அடுத்த புதரில் பேசுவதுபோல இருக்கும்.

அலறல்களைப் பற்றிச் சுருக்கமாக: கூகையின் கூச்சல், இணைசேரும் காலத்து நரியின் அலறல், உரசிக்கொள்ளும் இரண்டு மரங்களின் முனகல். மூன்றையும் முன்கூட்டியே பதிவுகளில் கேட்டுப் பழகிக்கொண்டு போங்கள். பெண்ணின் அலறல், குழந்தையின் அழுகை என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி இவைதான். ஆனால் ‘காப்பாற்றுங்கள்’ என்ற சொல் தெளிவாகக் கேட்டால் அதை ஒருபோதும் பிரமை என்று ஒதுக்காதீர்கள். விசில் அடித்துப் பதில் வருகிறதா என்று பாருங்கள், இடத்தைக் குறித்துக்கொண்டு உதவிக்குச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: கண்ணுக்குத் தெரிபவை

இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். ஒரு முறை டார்ச்சையோ செல்போனையோ பார்த்துவிட்டால் பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சிவப்பு ஒளி இந்தப் பழக்கத்தை அவ்வளவாகக் கெடுக்காது. இன்னொன்று: மங்கிய ஒளியை உணரும் செல்கள் கண்ணின் பார்வை மையத்தில் இல்லை. அதனால் ஓரக்கண்ணில் தெரியும் வெளிர் உருவம், நேராகப் பார்த்ததும் மறைந்துவிடும். ‘பார்த்தேன், திரும்பினேன், காணவில்லை’ என்ற அனுபவங்களில் பலவற்றுக்கு இதுவே போதுமான காரணம். சந்தேகமான உருவத்துக்குச் சற்றுப் பக்கத்தில் பார்வையை நிறுத்திப் பாருங்கள். அது ஒரு குத்துச்செடியாகத் தெளியும்.

இருளில் தனித்துத் தெரியும் சிறு ஒளிப்புள்ளி, அசையாமல் இருந்தாலும் அலைவதாகத் தோன்றும். அலெக்சாண்டர் ஹம்போல்ட் என்ற ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் 1799-இல் விண்மீன்கள் தள்ளாடுவதைக் கண்டு குறித்துவைத்தார். விண்மீன்கள் ஆடவில்லை, அது பார்வையின் குறை என்பது பிறகு தெரிந்தது. ஒளி நகர்கிறதா என்று அறிய, அதை ஒரு மரத்தின் ஓரத்தோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். கையைக் கட்டை விரலோடு நீட்டிப் பிடித்தாலும் ஆகும், ஆனால் மரம் நடுங்காது.

தரையில் பச்சை வெளிச்சம் தெரிந்தால் அதைக் கொள்ளிவாய்ப் பிசாசு என்று விட்டுவிட்டு ஓடாமல் குனிந்து பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மட்கும் கட்டைகளில் வளரும் சில காளான்கள் தாமாகவே ஒளிரும். 1775-இல் டேவிட் புஷ்னெல் அமெரிக்காவில் கட்டிய ‘டர்ட்டில்’ என்ற ஒற்றையாள் நீர்மூழ்கிக்குள் திசைகாட்டியைப் பார்ப்பதற்கு இந்தக் காளான் ஒளியைத்தான் வைத்திருந்தார்கள். நான் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன். டார்ச்சை அணைத்துவிட்டுக் கண் பழகியபிறகு, விழுந்து கிடந்த மரத்தின் பட்டைக்கடியில் விரல் நீளத்துக்கு ஒரு பச்சைக் கீற்று. பட்டையை மெல்ல நெம்பினால் உள்ளங்கை அகலத்துக்கு ஒளி விரிந்தது. என் நகங்கள் அந்த ஒளியில் கருப்பாகத் தெரிந்தன.

மலைமுகட்டில், முதுகுப்புறம் தாழ்ந்த சூரியனும் முன்னால் மூடுபனியும் இருந்தால், வானவில் வளையம் சூழ்ந்த பேருருவம் ஒன்று எதிரே நிற்கும். நீங்கள் கை தூக்கினால் அதுவும் தூக்கும். ஜெர்மனியின் பிராக்கன் மலையின் பெயரால் அறியப்படும் இது உங்கள் நிழல்தான்.

ஏழாம் படி: யாரோ பார்க்கிறார்கள்

பின்னந்தலையில் பார்வை படுவதை உணர முடியும் என்று மாணவர்கள் உறுதியாக நம்பியதைக் கண்டு, எட்வர்ட் டிச்சனர் என்ற உளவியலாளர் 1898-இலேயே சோதித்துப் பார்த்தார். அப்படி உணர முடியவில்லை என்றுதான் முடிவு வந்தது. வகுப்பறைக்கு அது சரி. காட்டிலோ உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பவை எப்போதும் உண்டு. பின்னந்தலை உணராவிட்டாலும் காதும் மூக்கும் ஓரக்கண்ணும் நம்மிடம் சொல்லாமலே பலவற்றைச் சேர்த்துவைக்கின்றன. உணர்வு வந்தால் ஒரே இடத்தில் நின்று, திசைக்கு ஒரு நிமிடமாக நான்கு திசைகளையும் பாருங்கள். அருகிலிருந்து தூரத்துக்கு, பிறகு மேலே. மேலே பார்க்க மறந்துவிடுகிறோம்.

காதுக்கு எட்டாத ஒலியும் இதில் சேரும். ஏறத்தாழ 20 ஹெர்ட்சுக்கு, அதாவது வினாடிக்கு 20 அதிர்வுக்கு, கீழே உள்ள ஒலி மனிதக் காதுக்குக் கேட்காது. 1984-இல் கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் போர்ட்லண்ட் விலங்குக்காட்சிச் சாலையில் யானைகளின் அருகே நின்றபோது, சத்தமே இல்லாமல் காற்று அதிர்வதை உணர்ந்தார். சிறுவயதில் தேவாலயத்து ஆர்கனின் மிகத் தாழ்ந்த ஸ்வரம் உடம்பை அதிரவைத்தது அவருக்கு நினைவு வந்தது. யானைகள் நம் காதுக்கு எட்டாத ஒலியில் பேசிக்கொள்கின்றன என்ற கண்டுபிடிப்பு அங்கிருந்துதான் வந்தது. யானைக் காட்டில் காரணமின்றி நெஞ்சுக்குள் ஓர் அதிர்வு தோன்றினால் நின்று நிதானியுங்கள். ஆனால் எல்லாத் திகிலுக்கும் இந்தத் தாழொலிதான் காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுவதை நான் ஏற்கவில்லை. விக் டேண்டி என்ற பொறியாளர், தன் ஆய்வுக்கூடத்துச் ‘சாம்பல் உருவத்துக்கு’ ஒரு விசிறியின் 19 ஹெர்ட்ஸ் அதிர்வே காரணம் என்று 1998-இல் எழுதியது அருமையான துப்பறிதல். எனினும் ஓர் அறைக்குள் கிடைத்த விடையைக் காடு முழுவதற்கும் விரிப்பது அவசரம்.

மற்ற எல்லாவற்றையும் நிதானமாக ஆராயுங்கள் என்று சொல்லிவருகிற நான், ஒன்றில் மட்டும் ஆராய வேண்டாம் என்பேன். அந்த உணர்வு மனிதரைப் பற்றியது என்றால் விலகிவிடுங்கள். புதிதாக வெட்டிய கட்டை, கம்பிக் கண்ணி, அணையாத தணல், மறைவாகக் கட்டிய பந்தல், இரண்டாம் முறை எதிர்ப்படும் அதே ஆள். இவற்றில் எதைக் கண்டாலும் படம் எடுக்காதீர்கள், குரல் கொடுக்காதீர்கள், வந்த வழியே போய்விடுங்கள். தப்பாக நினைத்துவிட்டோமோ என்ற கூச்சம் வீட்டுக்கு வந்தபிறகு வரட்டும்.

எட்டாம் படி: அதே மரம் மறுபடியும்

நேராகத்தான் நடந்தேன், ஆனால் அதே மரத்துக்கு வந்து சேர்ந்தேன், ஏதோ கண்கட்டு வேலை என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 2009-இல் ஜான் சோமான் என்ற ஆய்வாளரின் குழு ஜெர்மனியின் பீன்வால்ட் காட்டில் சிலரை நேராக நடக்கச் சொல்லி ஜி.பி.எஸ். கருவியால் பின்தொடர்ந்தது. சூரியன் தெரிந்தபோது கிட்டத்தட்ட நேராகப் போனார்கள். மேகம் மூடியிருந்தபோது வட்டமடித்தார்கள். தாம் நடந்த தடத்தையே குறுக்கே கடந்ததையும் அறியவில்லை. தொலைவில் ஓர் அடையாளம் இல்லாவிட்டால் எல்லோருடைய காலும் வளையும்.

அதே மரம் இரண்டாம் முறை வந்தால் நடப்பதை நிறுத்துங்கள். மரத்தடியில் கற்களை அடுக்கி அடையாளம் வையுங்கள். இருட்டப்போகிறது என்றால் அங்கேயே தங்குங்கள், விசில் அடியுங்கள். மலைப்பகுதிகளில் பரவலாக ஏற்கப்பட்ட அபாய அழைப்பு ஒரு நிமிடத்தில் ஆறு முறை, பிறகு ஒரு நிமிடம் இடைவெளி. நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வந்தால் உங்களைக் கேட்டுவிட்டார்கள்.

ஒன்பதாம் படி: துணைக்கு வருபவர்

அச்சம் தராத ஓர் உணர்வும் உண்டு. மிகவும் களைத்துப்போன நேரத்தில், கூடவே யாரோ நடந்து வருவதாக, நல்லவர்தான், பேசாமல் வருகிறார் என்பதாக. 1916-இல் அண்டார்டிகப் பயணி ஷாக்கிள்டனும் இரண்டு தோழர்களும் தெற்கு ஜார்ஜியா தீவின் பனிமலைகளை 36 மணி நேரம் ஓய்வின்றிக் கடந்தபோது, தாங்கள் மூவர் அல்ல நால்வர் என்று உணர்ந்ததாக அவர் எழுதினார். 1933-இல் எவரெஸ்டில் தனித்து ஏறிய ஃபிராங்க் ஸ்மைத், கையிலிருந்த இனிப்பை உடைத்து, பாதியை அருகில் இருப்பவருக்குக் கொடுக்கத் திரும்பினார். அருகில் யாரும் இல்லை.

அவர் வந்தால் விரட்ட வேண்டாம். ஆனால் அவர் வந்திருக்கிறார் என்றால் உங்கள் உடம்பு எல்லைக்கு வந்துவிட்டது என்று பொருள் கொள்ளுங்கள். உட்காருங்கள், தின்னுங்கள், அன்றைய திட்டத்தைக் கைவிட்டு மிக அருகில் உள்ள பாதுகாப்பான இடத்துக்குத் திரும்புங்கள்.

பத்தாம் படி: எழுதுங்கள்

யாரிடமும் சொல்வதற்கு முன் எழுதிவிடுங்கள். ஒரு முறை வாயால் சொல்லிவிட்டால், அடுத்த முறை நினைவுக்கு வருவது நடந்தது அல்ல, சொன்னது. நேரம், இடம், காற்று, வெளிச்சம், கடைசியாகத் தின்றது, தூங்கிய மணி. அதன்பின் புலன்கள் தந்ததை மட்டும் எழுதுங்கள். ‘யாரோ பின்தொடர்ந்தார்’ என்று எழுதாதீர்கள். ‘நான்கு சத்தங்கள், ஈரமானவை, வலப்பின்புறம், நின்றபின் ஒன்று கூடுதல்’ என்று எழுதுங்கள். நான் அன்று இரவு ‘நின்றபின் ஒன்று கூடுதல்’ என்பதை நினைவில் வைத்திருந்ததால்தான் மாதங்கள் கழித்துப் பாட்டில் அகப்பட்டது. காரணத்துக்கென்று தனியாக ஓர் இடம் விட்டுவையுங்கள். முடிந்தால் பகலில், துணையோடு, அதே இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

என் நோட்டில் அந்த இடம் நிரம்பாத பக்கம் ஒன்று இருக்கிறது. மாலை 4.10. காற்றில்லை, நல்ல வெளிச்சம், பசியில்லை, எட்டு மணி நேரம் தூங்கியிருந்தேன். மரங்கள் விலகி ஒரு சிறு புல்வெளி, நடுவே உளுத்துப்போன ஒரு அடிமரம், பாதை அதன் பக்கமாகப் போகிறது. அந்தப் புல்வெளிக்குள் காலெடுத்து வைக்க என்னால் முடியவில்லை. அச்சம் என்றுகூடச் சொல்ல மாட்டேன். மூடிய கதவின் முன் நிற்பதுபோல இருந்தது. இங்கே எழுதிய படிகள் எல்லாவற்றையும் செய்தேன். பறவைகள் பாடிக்கொண்டிருந்தன. வாடை எதுவும் இல்லை. இருபது நிமிடம் நின்றுவிட்டு, ஒரு மணி நேரம் அதிகமாகும் சுற்றுவழியில் திரும்பினேன்.

மறுநாள் நண்பர் ஒருவரோடு போனேன். எந்தத் தயக்கமும் இல்லாமல் உள்ளே நடந்தோம். தடங்கள், இறகு, எலும்பு, பள்ளம் என்று எதுவும் இல்லை. நண்பர் அந்த அடிமரத்தில் உட்கார்ந்து ஒரு பழத்தை உரித்துத் தின்றார், பாதியை எனக்கு நீட்டினார். நான் அதை வாங்கிக்கொண்டு புல்வெளியின் ஓரத்துக்குத் திரும்பி, நின்றபடியே தின்றேன். இரவு நோட்டைத் திறந்து ‘காரணம்’ என்ற சொல்லுக்கு எதிரே பென்சிலை வைத்தேன். ஒரு புள்ளி மட்டும் விழுந்தது. அது அப்படியே இருக்கிறது.